காதில் இயர்பட் போட்டுக்கொண்டு வேலை பழக முடியுமா?

லிஃப்ட்_ஈசூன் | ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் முப்பது வருடம் ஓட்டியாயிற்று. இப்போது சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஆறு பேர், அதில் நாலு பேருக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிற விஷயம் ஒன்றை இங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு தம்பி இருக்கிறான், 24 வயது. ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, தேசிய சேவை முடித்து வந்தவன். நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான். ரோஸ்டரில் இரவு ஸ்டாண்ட்பை என்று இருந்தால் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பான். ஆள் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்கு என்னைவிட வேகமாகப் போய் நிற்பான். ஆனால் ரோஸ்டரில் இல்லாத நாளில் ஆறு மணிக்கு மேல் மெசேஜ் போட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் பதில். வேலை நேரத்திலும் ஒரு காதில் இயர்பட் இருக்கும். பழுது என்றால் முதலில் ஃபோனை எடுத்து வீடியோ தேடுவான், அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னைக் கேட்க மாட்டான்.

வீட்டிலும் இதே மாதிரிதான். மகளுக்கு 19, பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி வருடம். நான் ஹாலில் வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கும்போது அவள் அறையில் ஃபோனும் கையுமாக இருப்பாள். “நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “எல்லாம் தெரியும்ப்பா” என்றாள். மசே நிதி (மத்திய சேம நிதி), பேருந்துக் கட்டணம், காஸா, அமெரிக்க வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தெரிந்திருந்தது. சிலவற்றில் என்னைவிட அதிகமாகவே தெரிந்திருந்தது. அப்புறமும் எனக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. இளையவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பழைய_தேக்கா | ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. நான் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதலாளி வீட்டுக்குப் போன பிறகுதான் நாங்கள் போவோம். யாரும் ஓவர்டைம் கேட்டதில்லை. இன்று என் கடைக்கு வேலை கேட்டு வரும் பையன் முதல் கேள்வியே “சனிக்கிழமை லீவா?” என்கிறான். உழைப்பில் மனசு வைக்காதவனுக்குத் தொழில் எப்படி வரும்?


பொங்கோல்_பொண்ணு | ஞாயிறு, இரவு 11.32

அங்கிள், எனக்கு 26. சாங்கி பக்கம் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. நீங்கள் கேட்ட விதத்துக்காகவே பதில் எழுதத் தோன்றியது.

முதலில் அந்த ஆறு மணி. என் அப்பா ஒரே கம்பெனியில் 22 வருடம் இருந்தார். எங்கள் பள்ளி ஆண்டுவிழா எதற்கும் வந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் ஃபோன் அடித்தால் எழுந்து போய்விடுவார், திரும்பி வரும்போது சோறு ஆறியிருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார்கள். அன்று மாலையே ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு காப்பிக் கோப்பை, ஒரு மேசைக் காலண்டர், நான் தொடக்கநிலை மூன்றில் செய்து கொடுத்த பேனாக்கூடு. எனக்கு அப்போது 15 வயது. வேலை நேரத்தில் என் வேலையை முழுசாகச் செய்வேன் அங்கிள், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியை என்னால் மறக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை எடுக்காமலிருக்க 2024 ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை, அதனால் எங்கள் எல்லையை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய_தேக்கா அங்கிள், சனிக்கிழமை லீவா என்று அந்தப் பையன் முதலிலேயே கேட்டது நேர்மை. சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் பொய்க்காரணம் சொல்லி லீவு எடுப்பதைவிட அது உங்களுக்கும் நல்லதுதானே?

அடுத்து செய்தி. சின்ன வயதில் அம்மா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இலவசமாகக் கொடுக்கும் ‘டுடே’ நாளிதழைத் தினமும் எடுத்து வருவார். நான் செய்தி படிக்கப் பழகியதே அதில்தான். 2017ல் அதன் அச்சுப் பதிப்பு நின்றது. 2024 அக்டோபரில் அது சிஎன்ஏ செய்தித் தளத்தோடு இணைந்துவிட்டது. நாங்கள் தாளை விட்டு ஓடினோம் என்கிறார்கள், எங்கள் கைக்கு வந்த தாளும்தான் நின்றுபோனது. இப்போது பொங்கோலில் ரயில் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேரும் வரை ஒரு பாட்காஸ்ட், இரண்டு நீண்ட கட்டுரை. மதியச் சாப்பாட்டில் டெலிகிராம். தமிழ் முரசு இன்ஸ்டாகிராமில் வரும், தலைப்பு இழுத்தால் உள்ளே போய்ப் படிப்பேன். துண்டுதுண்டாகத்தான் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். எது உண்மை, எது கட்டியது என்று ஒவ்வொரு முறையும் நானே தேடிப் பார்க்கிறேன். போன மாதம் அம்மாவுக்கு வந்த ‘வங்கி அதிகாரி’ அழைப்பைப் பாதியில் வாங்கி, மோசடி உதவி எண் 1799க்கு அடித்து மோசடி என்று உறுதிசெய்தது நான்தான்.

தம்பி ஏன் உங்களைக் கேட்கவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வீடியோவிடம் அதே கேள்வியைப் பத்து முறை கேட்கலாம், முகம் மாறாது.


லிஃப்ட்_ஈசூன் | ஞாயிறு, இரவு 11.58

கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் மா. என் முகம் மாறும். உண்மைதான்.


செம்பவாங்_தாத்தா | திங்கள், காலை 6.20

காலை வணக்கம். எனக்கு 73. நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது: கேள்வி ஞானம்.

என் தகப்பனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உலக நடப்பு எல்லாம் தெரியும். எப்படி? குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சரபத் கடை. வேலை முடிந்து வந்ததும் ஒருவர் தமிழ் முரசை விரித்து உரக்கப் படிப்பார், சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் தே குடித்துக்கொண்டே கேட்பார்கள். கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய பத்திரிகை அது. ஒரு தாள் வாங்கினால் பதினைந்து பேருக்குச் செய்தி. நடுவில் ஒருவர் குறுக்கிடுவார், இன்னொருவர் மறுப்பார், சண்டையே வரும். நான் மேசைக்கடியில் உட்கார்ந்து கேட்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தபோதும் அப்படியே. வீட்டில் பெட்டி வாங்க வசதி ஏது? சமூக நிலையத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தோம்.

வேலையும் காதில் விழுந்துதான் வந்தது. 1970ல் கப்பல் பட்டறையில் வெல்டிங் பழகச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் ராடு எடுத்துக் கொடுக்கும் வேலைதான். என் வாத்தியார் ஒரு மலையாளி. “இப்படிப் பிடி” என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெல்டிங் சரியாக ஓடும்போது எண்ணெயில் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். கை நடுங்கினால் சத்தம் விட்டுவிட்டு வரும். கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாதபோதும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டே “டா, கை!” என்பார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

லிஃப்ட் தம்பி, உங்களுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டீர்களே. மகளுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது, ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. இந்தப் பையனுக்கு வேலை தெரிகிறது, ஆனால் உங்கள் சத்தம் அவன் காதில் விழவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.


ஜூரோங்_தமிழாசிரியை | திங்கள், பிற்பகல் 3.40

தாத்தா, இதை என் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன்.

உயர்நிலைப் பள்ளியில் 17 வருடமாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். என் பிள்ளைகள் தமிழ் கேட்காதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைப் பையன்களின் நகைச்சுவை ரீல், மலேசியத் தமிழ் ராப், யாழ்ப்பாணத்துச் சமையல் வீடியோ எல்லாம் அவர்கள் ஃபோனில் ஓடுகிறது. நான் அவர்கள் வயதில் கேட்டதைவிட அதிக வகைத் தமிழ் கேட்கிறார்கள். ஒரு மாணவி போன வாரம் “அலப்பறை” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை அது.

ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் எல்லா இனத்தவரையும் சேர்த்து 2.5 விழுக்காடுதான். ஆங்கிலம் 48.3. காதில் விழும் தமிழ் எல்லாம் ஃபோனிலிருந்து விழுகிறது, வீட்டில் விழுவதில்லை. ஃபோனில் கேட்ட தமிழுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டல் கருத்தறிதலில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை வாய்மொழித் தேர்வில் திணறுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்க ஃபோன் எடுக்கக்கூடாது. இடைவேளையிலும் கூடாது, இணைப்பாட நடவடிக்கையிலும் கூடாது. முதல் வாரம் பிள்ளைகள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வாரம் உணவகத்தில் சத்தம் அதிகமாகிவிட்டது என்று ஒரு சக ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஒரு மேசையில் நாலு பையன்கள், முந்தின இரவு தனித்தனியாகப் பார்த்த ஒரே வீடியோவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி தமிழ்.


இருசக்கரம் | திங்கள், மாலை 5.05

ரெண்டு ஆர்டருக்கு நடுவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29, உணவு விநியோகம். “நிலையான வேலைக்குப் போகாமல் சுற்றுகிறான்” என்று மாமா சொல்வார். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் கூட்டிப்போய்விட்டு, நான்கு மணி நேரம் கழித்துக் கூட்டி வர வேண்டும். எந்த முதலாளி அதற்கு விடுவார்? அதனால் பைக். 2025 ஜனவரியில், ஆப் வழியாக வேலை செய்கிற எங்களுக்கான இணையத்தள ஊழியர் சட்டம் நடப்புக்கு வந்தது. 1995ம் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கூடுதல் மசே நிதி கட்டாயம், அதனால் எனக்கும் பிடிக்கிறார்கள், கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. கையில் வருவது குறைந்ததில் முதலில் எரிச்சல்தான். இப்போது வீடு வாங்க ஒரு கணக்கு ஓடுகிறது என்று ஒரு நிம்மதி. வேலையில் அடிபட்டால் மற்ற ஊழியர்களுக்குக் கிடைக்கும் அதே அளவு இழப்பீடும் உண்டு.

தாத்தா சொன்ன கேள்வி ஞானம் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆப் எனக்குக் கற்றுக்கொடுத்தது பச்சைப் பட்டனை அழுத்துவது மட்டும்தான். எந்தக் கொண்டோ குடியிருப்பில் பின்வாசலில் விடுவார்கள், எந்தக் கடையில் சாப்பாடு லேட்டாகும், மழையில் எந்தத் திருப்பம் வழுக்கும், இதெல்லாம் ரைடர் குரூப்பில் அண்ணன்கள் வாய்ஸ் நோட் போட்டுச் சொன்னது. முகம் பார்த்ததில்லை. ஒரு அண்ணனின் இருமலை வைத்தே அவர்தான் என்று கண்டுபிடிப்பேன்.

ஆர்டர் வந்துவிட்டது.


எச்ஆர்_கலா_அக்கா | திங்கள், இரவு 8.30

மனிதவளத் துறையில் இருப்பதால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துகிறேன். ‘நீக்குப்போக்கான வேலை’ என்றதும் இளையவர்கள் வீட்டில் படுத்துக்கொள்ள வந்த சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 டிசம்பர் 1லிருந்து நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்தது), ஊழியர் முறையாகக் கேட்டால் முதலாளி பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தொழில் காரணம் இருந்தால் மறுக்கலாம், “எனக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்று மட்டும் சொல்லி மறுக்கக்கூடாது. இடம் மட்டுமில்லை, நேரத்தையும் வேலைப்பளுவையும் மாற்றிக் கேட்கலாம். எங்கள் அலுவலகத்தில் கேட்டவர்களில் பாதிப்பேர் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயதுக்காரர்கள். லிஃப்ட் அண்ணா, உங்களுக்கும் இது உண்டு.

ஆனால் தாத்தா சொன்னது என்னைக் குத்தியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் மேலாளர் ஒரு கோபக்காரரிடம் ஃபோனில் பேசுவதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். அவர் எங்கே குரலைத் தாழ்த்தினார், எங்கே இடைவெளி விட்டார் என்பதெல்லாம் அன்று கற்றது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகக் கிருமி முறியடிப்புத் திட்டம் வந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபோது சேர்ந்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் மின்னஞ்சல் அழகாக எழுதுவார்கள், ஃபோன் அடித்தால் பயப்படுவார்கள். அதை நாங்கள் பலவீனம் என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினோம். அந்தப் படிவங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது. இப்போது கடினமான அழைப்பு எதுவானாலும் புதியவர் ஒருவரையும் இணைப்பில் சேர்த்துக்கொள்கிறேன். பேச வேண்டாம், கேட்டால் போதும் என்பேன்.


பழைய_தேக்கா | திங்கள், இரவு 9.10

பொங்கோல் பிள்ளை, உன் அப்பாவின் பெட்டியைப் பற்றிப் படித்தேன். நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். சனிக்கிழமை கடையில் கூட்டம் தாங்காது, லீவு கொடுக்க முடியாது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பையனிடம் திங்கள் லீவு சரிப்படுமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.


லிஃப்ட்_ஈசூன் | வியாழன், இரவு 8.15

மூன்று நாளாகப் பதில் போட நேரம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஈசூனில் ஒரு 12 மாடி புளோக். இரண்டு வாரமாக அந்த லிஃப்ட் திடீர் திடீரென்று நின்றுகொண்டிருந்தது. கன்ட்ரோலரில் எரர் கோட் பார்த்தால் கதவுப் பூட்டு சர்க்யூட் திறந்திருக்கிறது என்று மட்டும் வரும். எந்த மாடிக் கதவு என்று சொல்லாது, ஏனென்றால் எல்லா மாடிப் பூட்டும் ஒரே சரத்தில் கோத்த மாதிரி வயரில் ஓடுகிறது. ஒன்று விட்டாலும் மொத்தமும் நிற்கும். நாம் போய்ப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். இரண்டு தடவை பள்ளத்தில் குப்பை எடுத்தோம், காண்டாக்ட் எல்லாம் துடைத்தோம். பயனில்லை. நான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி இருக்கிறார், லிஃப்ட் நின்றால் அவர் வீட்டைவிட்டு இறங்க முடியாது.

தம்பியைக் கூப்பிட்டு, “இன்றைக்கு இயர்பட்டைக் கழற்றிவிட்டு என்னோடு மேலே வா” என்றேன். முகத்தை மாற்றாமல் சொன்னேன், பொங்கோல் பிள்ளை, உன் வரியை நினைத்துக்கொண்டே சொன்னேன். லிஃப்டின் கூரைமேல் ஏறி, இன்ஸ்பெக்‌ஷன் மோடில் மெதுவாக இறக்கினேன். “கதவு ஒவ்வொன்றையும் கடக்கும்போது கேள்” என்றேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து... டக், டக் என்று ஒரே மாதிரி. ஏழில் மட்டும் டக்கோடு சேர்ந்து ஒரு சின்ன கிர்ர். தம்பி என்னைப் பார்த்தான். திரும்ப ஏற்றி இறக்கினேன், திரும்பவும் கிர்ர். மேலே தொங்கும் ரோலர் ஒன்று தேய்ந்து கதவு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பூட்டின் காண்டாக்ட் முழுசாகப் பதியவில்லை, அதிர்வு வந்தால் விட்டுவிடும்.

இதில் என் பங்கு பாதிதான். அவன் ஃபோனை எடுத்துக் காட்டினான். இரண்டு வாரத்துப் பழுது நேரத்தையெல்லாம் குறித்து வைத்திருக்கிறான். எல்லாமே லிஃப்ட் கீழே இறங்கும்போது நடந்தது. எட்டாம் மாடிக்கு மேலிருந்து ஆள் ஏறிய தடவை மட்டும். “ஆறு, ஏழு, எட்டு இந்த மூன்றில் ஒன்று என்று நினைச்சேன் சார், உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு” என்றான். இயர்பட்டில் என்ன கேட்கிறாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். ஜெர்மனியில் ஒரு லிஃப்ட் டெக்னிஷியன் நடத்தும் ஒளிவழியாம். பாட்டு என்று இத்தனை நாளும் நானாக முடிவு கட்டியிருந்தேன்.

ரோலரை மாற்றினோம். கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தபோது ஒரு யோசனை சொன்னான். நான் பழுதடைந்த சத்தத்தைப் பதிவுசெய்து, அது என்ன என்று என் குரலில் இரண்டு நிமிடம் பேசி குரூப்பில் போட வேண்டுமாம். “நீங்க ரிட்டயர் ஆனா இதெல்லாம் எங்க போகும் சார்?” என்றான். நேற்றிரவு முதல் பதிவு போட்டோம். சத்தம், என் விளக்கம், நடுவில் அவன் கேட்கும் கேள்வி. பங்ளாதேஷ் தம்பிகளுக்காக அவனே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். மகளிடம் போட்டுக் காட்டினேன். ஹாலுக்கு வந்து உட்கார்ந்து கேட்டாள், கிர்ர் சத்தம் அவளுக்கும் பிடிபட்டது. அப்புறம் அவள் ஃபோனில் ஏதோ ஒரு செய்தி வீடியோவை என் பக்கம் திருப்பினாள். சாதாரண வேகத்தில் ஓடவிடச் சொன்னேன், விட்டாள்.


ஜூரோங்_தமிழாசிரியை | வியாழன், இரவு 8.52

அண்ணா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பதிவை என் உயர்நிலை மூன்று வகுப்பில் போட்டுக் காட்டலாமா? புளோக் எண், பெயர் எதுவும் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன். வேலை செய்கிற தமிழ் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகள் கேட்டதே இல்லை.


லிஃப்ட்_ஈசூன் | வியாழன், இரவு 9.05

எனக்குச் சம்மதம் மா. ஆனால் தம்பியின் குரலும் அதில் இருக்கிறது, அவனைக் கேட்க வேண்டும். இன்று அவனுக்கு ஸ்டாண்ட்பை இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு மேல் கேட்டுச் சொல்கிறேன்.